ஒரு ஞாயிற்றுக்கிழமையின் விலை

ஞாயிற்றுக்கிழமை என்றால் கோவில் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். முதல் மணி அடித்ததும் எழுந்து, குளித்து, செபப் புத்தகமும் கையுமாகப் புறப்பட்டுவிட வேண்டும். மழை பெய்தாலும் சரி, மறுநாள் கணக்குப் பரீட்சை இருந்தாலும் சரி, அதில் சலுகை கிடையாது. விடுதியில் இருப்போருக்கோ வரிசையில் நிற்கும்போதே தலை எண்ணப்பட்டுவிடும். வராதவர் யார் என்ற கேள்வி திங்கட்கிழமை மறைக்கல்வி வகுப்பில் தவறாமல் எழும். கோவிலுக்குப் போவதே நன்மை, போகாமலிருப்பது குறை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். "அந்தக் கோவிலுக்குப் போகமாட்டோம்" என்று சொல்லியே புனிதரானவர்களும் திருச்சபையில் உண்டு என்றால் நமக்கு வியப்பாக இருக்கிறதன்றோ?

அப்படிப்பட்டவர்கள் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் வாழ்ந்தார்கள். அரசு ஏற்படுத்திய புராட்டஸ்டாண்டு வழிபாட்டுக்கு வர மறுத்த கத்தோலிக்கர் அவர்கள். 'மறுத்தல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அவர்களுக்கு 'ரெக்யூசண்ட்' என்று பெயர் வந்தது. 'மறுப்போர்' என்று நாம் தமிழில் சொல்லலாம். அவர்களிடம் சட்டம் கேட்டது வாரத்தில் ஒரு மணி நேரந்தான். அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்காததற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன, ஏன் கொடுத்தார்கள் என்பதையே இங்கே சிந்திக்க விரும்புகிறோம்.

நான்கு அரசர், நான்கு மாற்றம்

வரலாற்றுப் பாடத்தில் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரைப் பற்றிச் சிரித்துக்கொண்டே படித்திருக்கிறோம். அந்த மன்னர் 1534-இல் திருத்தந்தையின் தலைமையை நீக்கிவிட்டு, இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தாமே தலைவர் என்று சட்டம் செய்தார். அதை ஏற்காத ஆயர் ஜான் ஃபிஷரும் சர் தாமஸ் மோரும் 1535-இல் தலை வெட்டப்பட்டு இறந்தனர். அடுத்து வந்த ஆறாம் எட்வர்டு சிறுவர். அவர் காலத்தில் லத்தீன் திருப்பலி நீக்கப்பட்டு, 1549-இல் ஆங்கிலப் பொதுச் செபப் புத்தகம் வந்தது. 1553-இல் அரியணை ஏறிய மேரி அரசி நாட்டைத் திரும்பவும் கத்தோலிக்க மறைக்குக் கொண்டுவந்தார். அவருடைய ஆட்சியில் ஏறத்தாழ 280 புராட்டஸ்டாண்டினர் உயிரோடு எரிக்கப்பட்டனர். இதையும் நாம் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். 1558-இல் மேரி இறக்க, அவருடைய தங்கை எலிசபெத் அரசியானார். நாடு மறுபடியும் புராட்டஸ்டாண்டு வழிக்குத் திரும்பியது.

இருபத்தைந்தே ஆண்டுகளில் நான்கு மாற்றங்கள்! ஒரு கிராமத்துக் கிழவியை எண்ணிப் பாருங்கள். அவள் ஞானஸ்நானம் பெற்றதும், கணவனைக் கைப்பிடித்ததும், பிள்ளையை அடக்கம் செய்ததும் அதே கற்கோவிலில்தான். சுவரும் மணியும் மாறவில்லை. ஆனால் பீடம் போய் மேசை வந்தது. சுரூபங்கள் போயின. அவள் சிறுமியாய்க் கேட்ட செபங்களும் போயின. மறுப்போர் வர மறுத்தது யாரோ கட்டிய புதுக் கோவிலுக்கு அன்று. தங்கள் முன்னோர் உறங்கும் சொந்தப் பங்குக்கோவிலுக்கே அவர்கள் போகாமலிருக்க வேண்டியிருந்தது. இதுவே அவர்களுடைய துன்பத்தின் முதற்படி என்று நமக்குத் தோன்றுகிறது.

பன்னிரண்டு பென்ஸ்

1559-ஆம் ஆண்டின் சட்டப்படி ஞாயிறுதோறும் திருநாள்தோறும் ஒவ்வொருவரும் தம் பங்குக்கோவில் வழிபாட்டுக்கு வர வேண்டும். தக்க காரணமின்றி வராவிட்டால் ஒவ்வொரு தடவைக்கும் பன்னிரண்டு பென்ஸ், அதாவது ஒரு ஷில்லிங் அபராதம். கோவில் பொறுப்பாளர்கள் அதைத் தண்டி, பங்கிலுள்ள ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு ஷில்லிங் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலிக்கும் மேல். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் எனக் குடும்பமே வராமலிருந்தால் அந்த வாரம் அடுப்பு எரிவது எப்படி?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளத்தில் என்ன நம்புகிறாய் என்று இந்தச் சட்டம் கேட்கவில்லை. வந்து உட்கார் என்றுமட்டும் கேட்டது. உட்கார்ந்துகொண்டு மனத்துக்குள் செபமாலை சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? அக்காலத்தில் பலரும் அப்படித்தான் எண்ணினார்கள். வெளிக்குக் கோவிலுக்குப் போய்வந்து உள்ளுக்குள் கத்தோலிக்கராய் இருந்தவர்களைச் 'சர்ச் பேப்பிஸ்ட்' என்று கேலியாக அழைத்தனர். லங்காஷயரில் பெருங்குடும்பத்தவர் ஒருவர், மறையுரை காதில் விழாதபடி பஞ்சடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பல வீடுகளில் குடும்பத் தலைவர் சொத்தைக் காக்கக் கோவிலுக்குப் போக, தலைவி வீட்டிலேயே இருந்துவிட்டார்.

இது சரியா என்று அன்றைய கத்தோலிக்கரே வாதாடிக்கொண்டார்கள். போகலாம் என்றவர்கள் சீரியா நாட்டுப் படைத்தலைவன் நாமானைச் சுட்டிக் காட்டினார்கள். தன் அரசனோடு ரிம்மோன் கோவிலில் குனிய நேர்ந்தால் ஆண்டவர் தன்னை மன்னிக்க வேண்டும் என்று அவன் எலிசேயு இறைவாக்கினரிடம் கேட்டானல்லவா? கூடாது என்றவர்களோ மக்கபேயர் நூலில் வரும் முதியவர் எலயாசரை நினைவூட்டினார்கள். விலக்கப்பட்ட இறைச்சியை உண்பதாகப் பாவனைமட்டும் செய்யும்படி நண்பர்கள் அவரிடம் கெஞ்சினார்கள். தம்மைப் பார்க்கும் இளைஞர்கள் ஏமாந்துபோவார்களே என்று அவர் மறுத்து உயிர் கொடுத்தார். 1562-இல் இந்தக் கேள்வி திரிதெந்து நகர் வரை சென்றது. போகலாகாது என்றே பதில் வந்தது. இயேசு சபைக் குரு ராபர்ட் பெர்சன்ஸ் 1580-இல் இதைப்பற்றியே ஒரு நூல் எழுதி இரகசியமாக அச்சிட்டார்.

பாவனைதானே, அதில் என்ன தவறு என்று நமக்குக் கேட்கத் தோன்றும். ஆனால் ஊரார் முன் ஓரிடத்தில் அமர்வதும் ஒரு பேச்சுத்தான். வாய் பேசாவிட்டாலும் நம் உடல் நமக்காகச் சாட்சி சொல்லிவிடுகிறது. "நானும் உங்களோடு ஒப்புகிறேன்" என்று தங்கள் உடல் பொய் சொல்லக்கூடாது என்பதற்காகவே மறுப்போர் மறுத்தார்கள். அதற்காக, பஞ்சடைத்துக்கொண்டு போனவர்களை எள்ளி நகைக்க நமக்கு உரிமை இல்லை. பசித்த பிள்ளைகள் வீட்டில் இருக்கையில் அவர்கள் இரவெல்லாம் எப்படிப் புரண்டு படுத்தார்கள் என்பதை ஆண்டவர் ஒருவரே அறிவார்.

இருபது பவுண்டு

முதல் பத்தாண்டில் சட்டம் அவ்வளவு கடுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 1570-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ், எலிசபெத் அரசியைத் திருச்சபையிலிருந்து விலக்கி, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று அறிவித்தார். அதன்பின் கத்தோலிக்கர் ஒவ்வொருவரையும் அரச துரோகியோ என்று ஐயுறும் காலம் வந்தது. ஸ்பெயின் நாட்டுப் படையெடுப்பைப் பற்றிய அச்சமும் அதோடு சேர்ந்துகொண்டது. அரசியின் அமைச்சர்கள் அஞ்சியதற்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அச்சத்தின் பாரம் யார் தலையில் விழுந்தது? வயலில் உழுதவன் தலையிலும், வீட்டில் ரொட்டி சுட்டவள் தலையிலுந்தான்.

1581-ஆம் ஆண்டின் சட்டம் அபராதத்தை மாதத்துக்கு இருபது பவுண்டாக உயர்த்தியது. அதிலும் நான்கு வாரம் ஒரு மாதம் என்று எண்ணி ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம் கணக்கிட்டதால் ஆண்டுக்கு 260 பவுண்டு ஆயிற்று! ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்டிராட்ஃபோர்டு ஊரின் பள்ளி ஆசிரியருக்கு ஓர் ஆண்டு முழுவதற்கும் சம்பளமே இருபது பவுண்டுதான். ஆசிரியரின் ஓர் ஆண்டு உழைப்பு, மறுப்போருக்கு ஒரு மாத அபராதம். திருப்பலி நிறைவேற்றிய குருவுக்கு 200 மார்க் அபராதமும் ஓராண்டுச் சிறையும். அதில் கலந்துகொண்டவருக்கு 100 மார்க்கும் ஓராண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. 100 மார்க் என்பது அறுபத்தாறு பவுண்டுக்குமேல். அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள் இயேசு சபைக் குரு எட்மண்ட் கேம்பியன் லண்டன் டைபர்னில் கொல்லப்பட்டார். 1585-ஆம் ஆண்டின் சட்டம், வெளிநாட்டுக் குருமடங்களில் பயின்ற குருக்கள் இங்கிலாந்தில் இருப்பதே துரோகம் என்றும், அவர்களுக்கு அடைக்கலம் தருவது மரண தண்டனைக்குரிய குற்றம் என்றும் கூறியது. 1587-இல், அபராதம் கட்டாதவர்களின் அசையும் பொருள் அனைத்தையும் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. 1593-இல், தம் வீட்டிலிருந்து ஐந்து மைலுக்கு அப்பால் மறுப்போர் அனுமதியின்றிப் போகக்கூடாது என்று ஆயிற்று. ஐந்து மைல் என்றால் எட்டுக் கிலோமீட்டர். நம் பள்ளிக்குப் பேருந்தில் வரும் தோழியர் சிலர் அதைவிடத் தொலைவிலிருந்து வருகிறார்கள்!

இருபது பவுண்டைக் கட்டக்கூடிய செல்வர் மிகச் சிலரே. நார்த்தாம்ப்டன்ஷயரில் வாழ்ந்த சர் தாமஸ் டிரஷம் அவர்களுள் ஒருவர். ஆண்டுக்கணக்காகச் சிறையில் கிடந்து, ஆயிரக்கணக்கான பவுண்டு செலுத்தியவர் அவர். வெளியில் வந்ததும் ரஷ்டன் என்னும் ஊரில் முக்கோண வடிவில் ஒரு சிறு மாளிகை கட்டினார். மூன்று பக்கம், மூன்று மாடி, பக்கத்துக்கு மூன்று மூன்று சன்னல், ஒவ்வொரு பக்கமும் 33 அடி. வாயால் சொல்ல முடியாத மூவொரு கடவுள் மீதான விசுவாசத்தைக் கல்லால் சொல்லிவிட்டார்! 1593-இல் தொடங்கிய அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

ஏழைகளின் பெயர்களோ பட்டியல்களில் மட்டுமே இருக்கின்றன. 1592-ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்றில் ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான் பெயரும் இருக்கிறது. கடன்காரருக்குப் பயந்து கோவிலுக்கு வரவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. உண்மைக் காரணமே அதுதானா, அல்லது ஒரு சாக்கா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

இன்னொரு செய்தி எங்கள் வகுப்பினரை நிமிர்ந்து உட்கார வைத்தது. இருபது பவுண்டுச் சட்டம் பதினாறு வயதைக் கடந்த எல்லோருக்கும் உரியது. எங்களுக்கு இப்போது பதினைந்து. அந்நாட்டில் பிறந்திருந்தால், இன்னும் ஓராண்டில் எங்கள் பெயரும் அபராதப் பட்டியலில் ஏறியிருக்கும். எந்தப் பாவாடை வாங்குவது என்பதைக் கூட அம்மாவிடம் கேட்டு முடிவு செய்யும் வயதில், மனச்சான்றின் கேள்விக்கு அந்தப் பெண்கள் தாமே பதில் சொன்னார்கள்!

யார்க் நகரத்து மார்கரெட்

பெண்கள் என்றதும் மற்றோர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். யார்க் நகரில் கோவிலுக்கு வராதவர்கள் யாரென்று அதிகாரிகள் விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருந்தனர். கடைக்காரர், கசாப்புக்காரர், தையற்காரர் ஆகியோரின் மனைவியர். திருமணமான பெண்ணுக்கு அக்காலத்தில் தனிச் சொத்து கிடையாது. சொத்தில்லாதவளிடம் எதைப் பறிமுதல் செய்வது? அதனால் அதிகாரிகள் திகைத்தார்கள், கணவரை நெருக்கினார்கள், மனைவியரைச் சிறையில் அடைத்தார்கள். 1610-இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. கணவன் மாதம் பத்துப் பவுண்டு கட்டாவிட்டால் மனைவியைச் சிறையில் வைக்கலாம் என்றது அது.

அந்த யார்க் நகரில் ஷாம்பிள்ஸ் என்னும் கசாப்புக்கடைத் தெருவில் வாழ்ந்தவர் மார்கரெட் கிளித்ரோ. கணவர் ஜான் புராட்டஸ்டாண்டு. மார்கரெட் திருமணத்துக்குப் பின்னரே கத்தோலிக்கரானார். கணவர் மதம் மாறவில்லை; மனைவியைத் தடுக்கவுமில்லை. அவருக்காக அபராதத்தைக் கட்டிவந்தார். 1577 முதல் மார்கரெட் பலமுறை சிறைக்குப் போனார். எழுத்தறியாதவராய் உள்ளே போனவர் சிறையிலேயே வாசிக்கக் கற்றுக்கொண்டார் என்பதைப் படித்தபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. வெளியில் வந்ததும் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஏற்பாடு செய்தார். குருக்களுக்கு மறைவிடம் தந்தார்.

1586 மார்ச் 10-ஆம் நாள் அதிகாரிகள் வீட்டைச் சோதனையிட்டார்கள். அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனை மிரட்டியதும், திருப்பலிப் பொருள்கள் இருந்த மறைவிடத்தை அவன் காட்டிவிட்டான். மார்கரெட்டை நீதிமன்றத்தில் நிறுத்திக் குற்றவாளியா, இல்லையா என்று கேட்டார்கள். அவர் பதில் சொல்ல மறுத்தார். பதில் சொன்னால் வழக்கு நடக்கும். வழக்கு நடந்தால் தம் பிள்ளைகளே கூண்டில் ஏறித் தாய்க்கு எதிராகச் சாட்சி சொல்ல நேரும். அந்தப் பாவமும் வேதனையும் அவர்களுக்கு வேண்டாம் என்பதே அவர் எண்ணம். பதில் சொல்லாதவர்களுக்கு அந்நாட்டுச் சட்டம் விதித்த தண்டனை கொடியது. தரையில் கிடத்தி, மேலே ஒரு கதவை வைத்து, உயிர் போகும்வரை அதன்மேல் பாரம் ஏற்றுவார்கள். நீதிபதி ஒருவர் மனமிரங்கி, ஒரு சொல் சொல்லும்படி பலமுறை கேட்டுப் பார்த்தார். மார்கரெட் கருவுற்றிருக்கலாம் என்றும் பேசப்பட்டது. ஒன்றும் பயன்படவில்லை. மார்ச் 25, நம் அன்னை மரியாளுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாளன்று, ஊஸ் ஆற்றுப் பாலத்துச் சிறையில் அவர் உயிர் பிரிந்தது. தம் தொப்பியைக் கணவருக்கும், காலணிகளைப் பன்னிரண்டு வயது மகள் ஆனுக்கும் அனுப்பினார் என்று அவர் வரலாறு கூறுகிறது. தன் அடிச்சுவட்டில் நட என்று தாய் மகளுக்குச் சொல்ல வேறு சொல் வேண்டுமோ? அந்த ஆன் பின்னர் லூவேன் நகரில் துறவற மடத்தில் சேர்ந்தாள்.

மார்கரெட்டைப் போலவே வேறு பெண்களும் இருந்தனர். சிறையிலிருந்த ஒரு குரு தப்பிக்கக் கயிறு கொண்டுபோய்க் கொடுத்த மார்கரெட் வார்டு 1588-இல் தூக்கிலிடப்பட்டார். குருக்களுக்கு வீடு நடத்திய ஆன் லைன் 1601-இல் தூக்கிலிடப்பட்டார். இம்மூவரும் 1970 அக்டோபர் 25-ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுலால் புனிதர் பட்டம் பெற்ற நாற்பது மறைசாட்சிகளுள் சேர்ந்தவர்கள்.

ஒரே ஒரு முறை

அந்த நாற்பதின்மருள் ஒருவரான அருண்டல் பிரபு பிலிப் ஹோவர்டு கதையை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. இங்கிலாந்தின் மிகப்பெரிய குடும்பங்களுள் ஒன்றில் பிறந்து, அரண்மனையில் செல்லமாய் வாழ்ந்தவர். கத்தோலிக்கராகி, 1585-இல் நாட்டைவிட்டுப் போக முயன்றபோது பிடிபட்டார். பத்தாயிரம் பவுண்டு அபராதமும் லண்டன் கோபுரச் சிறையும் கிடைத்தன. சிறைக்குப் போனபின் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பத்தாண்டுச் சிறைவாழ்வில் அந்தப் பிள்ளையின் முகத்தை அவர் கண்டதே இல்லை. நோய் முற்றியபோது, மனைவியையும் மகனையும் ஒருமுறை பார்க்க அனுமதி கேட்டார். புராட்டஸ்டாண்டு வழிபாட்டுக்கு ஒரே ஒரு முறை போனால் போதும், குடும்பத்தைப் பார்க்கலாம், இழந்த பதவியும் சொத்தும் கிடைக்கும் என்று பதில் வந்ததாக அவர் வரலாறு சொல்கிறது. அவர் போகவில்லை. 1595-இல் சிறையிலேயே இறந்தார்.

வாரத்தில் ஒரு மணி நேரம் என்று தொடங்கிய சட்டம், வாழ்நாளில் ஒரே ஒரு முறை என்று இறங்கிவந்து கெஞ்சுவதைப் பாருங்கள்! ஒரு மனிதனின் "மாட்டேன்" என்னும் சொல்லுக்கு அத்துணை மதிப்பு இருந்திருக்கிறது.

பள்ளிக்கூடமும் குற்றமானது

கோவிலுக்கு வராத ஆசிரியரை வைத்துப் பாடம் நடத்தினால் மாதம் பத்துப் பவுண்டு அபராதம். அனுமதியின்றிப் பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பினால் நூறு பவுண்டு. ஆகவே கத்தோலிக்கப் பெற்றோர் பிள்ளைகளை இருளில் படகேற்றி அனுப்பினார்கள். பையன்களுக்காவது தூவே போன்ற நகரங்களில் கல்லூரிகள் இருந்தன. பெண்பிள்ளைகளுக்கு?

அந்தக் குறையைத் தீர்க்க எழுந்தவர் 1585-இல் யார்க்ஷயரில் மறுப்போர் குடும்பமொன்றில் பிறந்த மேரி வார்டு. அவருடைய பாட்டி பதினான்கு ஆண்டுகள் சிறையில் கழித்தவர். மேரி வார்டு 1609-இல் கடல் கடந்து செந்த் ஓமேர் நகரில் தம் துறவறக் குழுவைத் தொடங்கி, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அடைபட்ட மடத்துக்குள் இராமல் வெளியே நடமாடும் கன்னியரைக் கண்டு அன்றைய திருச்சபையே தயங்கி, 1631-இல் அவரது சபையைக் கலைத்தது. அவர் வழிவந்தோர் சோர்ந்துவிடவில்லை. 1686-இல் அவர்கள் யார்க் நகரில் இரகசியமாகத் தொடங்கிய பார் கான்வென்ட் இன்றும் இருக்கிறது. மார்கரெட் கிளித்ரோவின் கை அங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. மேரி வார்டு வழிவந்த லொரேட்டோ கன்னியர் 1841-இல் கல்கத்தாவுக்கு வந்தார்கள். நம் புனித அன்னை தெரசா அந்தச் சபையில்தான் முதலில் ஆசிரியையாக இருந்தார். சீருடை அணிந்து, பை சுமந்து, கான்வென்ட் பள்ளிக்கு நாம் அஞ்சாமல் நடந்து வருவது எவ்வளவு சாதாரணமாகத் தோன்றுகிறது! அதற்காகவே அபராதம் கட்டிய பெற்றோரும் உலகில் இருந்தார்கள்.

கத்தி ஒரு பக்கம் மட்டும் வெட்டுவதில்லை

இதையெல்லாம் எழுதும்போது, நம்மோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் தென்னிந்தியத் திருச்சபைத் தோழியரின் முகம் நினைவுக்கு வருகிறது. 1947-இல் உருவான அவர்கள் சபையின் வேர்களுள் ஒன்று அந்த இங்கிலாந்துத் திருச்சபைதான். அவர்களைக் குற்றஞ்சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. அதே எலிசபெத் அரசியின் ஆட்சியில், அரசாங்கக் கோவிலை ஏற்க மறுத்த ஹென்றி பாரோ, ஜான் கிரீன்வுட் என்னும் புராட்டஸ்டாண்டினர் இருவரும் 1593-இல் டைபர்னில் தூக்கிலிடப்பட்டனர். பிரான்சிலோ கதை தலைகீழ். கத்தோலிக்க மன்னர் பதினான்காம் லூயி 1685-இல் புராட்டஸ்டாண்டினரின் உரிமையைப் பறித்தார். அவர்கள் கோவில்களை இடித்தார். பல்லாயிரம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். கட்டாயம் என்னும் கத்தியை எந்தக் கை பிடித்தாலும் அது மனச்சான்றையே வெட்டுகிறது.

இங்கிலாந்தில் விடியல் மெல்லத்தான் வந்தது. 1778-இல் சிறு சலுகைகள் கிடைத்தன. அதை எதிர்த்து 1780-இல் லண்டனில் பெருங்கலவரம் மூண்டது. 1791-இல், அரசருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுத்த கத்தோலிக்கர் அபராதமின்றித் திருப்பலி காணச் சட்டம் இடம் தந்தது. 1829-இல் பாராளுமன்றக் கதவும் திறந்தது. 2025 அக்டோபரில் மூன்றாம் சார்லஸ் மன்னரும் திருத்தந்தை பதினான்காம் லியோவும் உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் சேர்ந்து செபித்தார்கள். பிரிவினைக்குப் பின் இங்கிலாந்தின் மன்னரும் திருத்தந்தையும் ஒன்றாய்ப் பொது வழிபாட்டில் செபித்தது அதுவே முதன்முறை. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆதலால் அது செபமாயிற்று.

நம் கடமை என்ன?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், சமயக் காரியத்தில் எவரையும் மனச்சான்றுக்கு மாறாக நடக்கும்படி வற்புறுத்தக்கூடாது என்று அறிக்கையிட்டது. நம் நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு எல்லோருக்கும் மனச்சான்று உரிமையைத் தருகிறது. 28-ஆம் பிரிவோ நம்மைப்போன்ற பள்ளிகளைப் பற்றியே பேசுகிறது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் படிக்கும் எந்தப் பிள்ளையையும், சிறுவரானால் பெற்றோரின் சம்மதமில்லாமல், சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ சேரும்படி கட்டாயப்படுத்த முடியாது. யார்க் நகரத்து மார்கரெட்டுக்கு இப்படி ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் அவர் தம் பிள்ளைகள் வளர்வதைப் பார்த்திருப்பார்.

நம் வகுப்புகளில் இந்து, இஸ்லாமியத் தோழியர் எத்தனையோ பேர். நாம் மறைக்கல்வி படிக்கும் வேளையில் அவர்கள் நன்னெறி வகுப்பில் இருக்கிறார்கள். முதல் வெள்ளி வழிபாட்டின்போது பின்வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும் தோழியைப் பார்த்து, "நீ மட்டும் ஏன் முழந்தாளிடவில்லை?" என்று இடித்துக் கேட்கும் விரல் நம்முடையதாக இருக்கலாகாது. அவள் அமர்ந்திருப்பதும் ஒரு மரியாதையே. அந்த மரியாதையை மறுப்போரின் வரலாறு படித்த நாம் அறியாவிட்டால் வேறு யார் அறிவார்?

மற்றொரு கேள்வி நம்மை நோக்கியே திரும்புகிறது. அவர்கள் ஒரு ஷில்லிங்கும் இருபது பவுண்டும் உயிருங்கூடக் கொடுத்துத் தேடிய திருப்பலி நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. மணி அடித்துக் கூப்பிடுகிறார்கள். கதவு திறந்தே இருக்கிறது. வாசலில் எந்த அதிகாரியும் பெயர் குறித்துக்கொண்டு நிற்கவில்லை. கட்டாயத்துக்காகப் போய் அமர்ந்து, மறையுரை முடியும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், காதில் பஞ்சடைத்துக்கொண்டவருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அவருக்காவது ஒரு காரணம் இருந்தது!

அடுத்த ஆண்டு எங்களுக்குப் பதினாறு வயது ஆகும். சிலர் இதே பள்ளியில் தொடர்வோம். சிலர் வேறு ஊர்களுக்குப் போவோம். அங்கே தலை எண்ணச் சிஸ்டர் இருக்கமாட்டார். எழுப்பிவிட அம்மா இருக்கமாட்டார். அப்போது நாம் எங்கே போய் அமர்கிறோம், எங்கே அமர மறுக்கிறோம் என்பதை நம் மனச்சான்றே முடிவு செய்யட்டும். விரும்பிச் செல்லும் கால்களையும், தேவைப்படும்போது "மாட்டேன்" என்று சொல்லும் துணிவையும், பிறர் "மாட்டேன்" என்னும்போது மதிக்கும் உள்ளத்தையும் நம் ஆண்டவர் நமக்கு அருள்வாராக!